செப்புத் தகட்டில் எழுந்த வீரம்

வீரரைப் போற்றாத நாடு உலகில் இல்லை. ஒரு நாட்டார் தம் வீரரைப் பாட்டில் வைத்துப் பாடுவர். மற்றொரு நாட்டார் கல்லில் வடித்து நிறுத்துவர். வேறொரு நாட்டார் ஓவியமாகத் தீட்டிக் காண்பர். ஐரோப்பிய நாட்டினர் இம்மூன்றோடு நான்காவது முறை ஒன்றையும் கைக்கொண்டனர். செப்புத் தகட்டில் உருவத்தைச் செதுக்கி, மை பூசி, தாளில் அச்சிட்டு, அத்தாளுக்கு மரச்சட்டமும் கண்ணாடியும் இட்டுச் சுவரில் மாட்டுவதே அம்முறை. வண்ண ஓவியம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதாய் இருந்தது. அச்சுப்படமோ வணிகர் இல்லத்திற்கும், கற்றோர் அறைக்கும், பள்ளிக்கூடத்திற்கும் சென்றது.

அவ்வாறு சென்ற படங்களுள் பண்டை உரோம நாட்டுப் பழங்கதைப் போர்களைக் காட்டுவன பல. அவற்றுள் சிறந்த ஒரு தொகுதியை உருவாக்கியவர் ஹெண்ட்ரிக் கோல்ட்சியஸ் என்னும் டச்சுக் கலைஞர். வீரர் கதைகளைக் காட்டும் அப்படங்களுக்குப் பின்னே, படைத்தவரின் கதையும் ஒன்று உண்டு. இரண்டையும் ஒருங்கே அறிந்தவரே அப்படங்களை முழுமையாகக் கண்டவர் ஆவர்.

பாலத்தில் நின்ற வீரன்

உரோமர் தம் கொடிய அரசனான டார்க்குவினை நாட்டினின்றும் துரத்தி, மக்களாட்சியை நிறுவினர். இது கி. மு. 509-இல் நிகழ்ந்தது என்பது அவர்தம் மரபு. துரத்தப்பட்டவன் எட்ரூரிய நாட்டுக் குளுசியம் நகரை ஆண்ட போர்சேனா என்னும் மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான். போர்சேனா பெரும்படை திரட்டி உரோமாபுரிமேல் வந்தான்.

நகருக்கும் பகைவருக்கும் இடையே டைபர் ஆறு ஓடியது. அதன்மேல் இருந்தது ஒரே ஒரு மரப்பாலம். பகைவர் குன்றினின்றும் இறங்கிப் பாய்ந்து வந்தபோது உரோமப் படை கலங்கி ஓடத் தொடங்கியது. அவ்வேளையில் ஹொரேஷியஸ் கோக்ளிஸ் என்பவன் ஓடியவர்களைத் தடுத்து நிறுத்தினான். “பாலத்தைக் கடந்து ஓடி என்ன பயன்? பகைவரும் அதே பாலத்தைக் கடந்து வருவர் அன்றோ? வாளாலோ தீயாலோ எதனாலேனும் பாலத்தை அழியுங்கள், அதுவரை நான் எதிர்க்கரையில் நிற்கிறேன்” என்னும் கருத்துப்படக் கூறி, பாலத்தின் முனையில் போய் நின்றான். லார்ஷியஸ், ஹெர்மீனியஸ் என்னும் இருவர் அவனுக்குத் துணையாயினர்.

பாலம் குறுகியது, ஆதலால் ஆயிரவர் வந்தாலும் சிலரே முன்வந்து பொர முடியும். மூவரும் அக்குறுகிய வாயிலை அடைத்து நின்றனர். பின்னால் கோடரிகள் ஓயாமல் ஒலித்தன. பாலம் முறியும் நிலையை அடைந்தபோது ஹொரேஷியஸ் தன் தோழர் இருவரையும் கரைக்கு அனுப்பிவிட்டுத் தனித்து நின்றான். இறுதியில் பாலம் பேரொலியுடன் வீழ்ந்தது. ஹொரேஷியஸ் டைபர் ஆற்றை வணங்கி, கவசத்தோடு நீரில் குதித்து, அம்பு மழையினூடே நீந்திக் கரை ஏறினான். ஒரு நாளில் அவன் ஏரோட்டிச் சுற்றி வரக்கூடிய நிலம் முழுவதையும் நகரத்தார் அவனுக்குப் பரிசளித்தனர். அவனுக்குச் சிலையும் எடுத்தனர்.

தீயில் நீட்டிய கை

பாலம் வீழ்ந்தபின் போர்சேனா நகரை முற்றுகையிட்டான். உணவு குறைந்தது, பஞ்சம் தலைகாட்டியது. அப்போது மியூஷியஸ் என்னும் இளைஞன், பகையரசனைக் கொல்வதென உறுதி பூண்டு, ஆடைக்குள் வாளை மறைத்துக்கொண்டு பாசறைக்குள் புகுந்தான். அன்று வீரர்களுக்குச் சம்பளம் வழங்கும் நாள். மன்னனும் அவன் கணக்கனும் ஏறக்குறைய ஒரே வகை உடையணிந்து அருகருகே அமர்ந்திருந்தனர். மன்னன் யார் என வினவினால் தன்னை அயலான் என அறிந்துகொள்வர் என்று அஞ்சிய மியூஷியஸ், ஊகித்து ஒருவனை வெட்டினான். வெட்டுண்டவன் கணக்கன்.

சிறைப்பட்ட மியூஷியஸை மன்னன் தீயிலிட்டு விடுவதாக அச்சுறுத்தினான். உடனே மியூஷியஸ் வேள்விக்கென மூட்டியிருந்த தீயில் தன் வலக்கையைத் தானே நீட்டினான். கை வெந்துகொண்டிருக்க, முகம் சுளிக்காமல் நின்றான். மன்னன் திகைத்து எழுந்து, அவனை அகற்றச் செய்து, உயிரோடு விடுவித்தான். தன்னைப்போல் முந்நூறு இளைஞர் உறுதி பூண்டுள்ளனர் என்று மியூஷியஸ் கூறவே, மன்னன் சமாதானம் பேசத் தூதரை அனுப்பினான் என்பது கதை. வலக்கையை இழந்த மியூஷியஸ் அன்றுமுதல் ‘இடக்கையன்’ எனப் பொருள்படும் ஸ்கீவோலா என்னும் பெயர் பெற்றான்.

கோல்ட்சியஸும் அவர் கையும்

இக்கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு ஈராயிரம் ஆண்டுகட்குப் பின், 1558-இல், நெதர்லாந்தின் எல்லையை அடுத்த ஒரு சிற்றூரில் கோல்ட்சியஸ் பிறந்தார். அவருடைய வரலாற்றை அவர் நண்பரும் ஓவியருமான கரெல் வான் மாண்டர் 1604-இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்று நூலில் காணலாம்.

கோல்ட்சியஸ் தளர்நடைக் குழந்தையாய் இருந்தபோது அடுப்புத் தீயில் விழுந்துவிட்டார். இரு கைகளும் வெந்தன. தாயார் சிம்பு வைத்துக் கட்டி, இரவும் பகலும் கண்விழித்துக் காத்தார். தான் அதனினும் நன்றாகப் பார்ப்பதாகக் கூறி வந்த அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி, சிம்புகளை அகற்றி வலக்கையைத் துணியால் சுற்றிக் கட்டினாள். அவள் நினைத்தது நன்மை, விளைந்தது தீமை. உள்ளங்கை நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கோல்ட்சியஸால் வலக்கையை நன்கு விரிக்க முடியவில்லை.

விரல்களை நீட்ட முடியாத பிள்ளை எத்தொழிலுக்கு ஆவான் என்று பிறர் எண்ணியிருக்கலாம். ஆனால் அப்பிள்ளை விரல் நுனியின் திறமையையே நம்பி நிற்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்தான். கோர்ன்ஹெர்ட் என்னும் அறிஞரிடம் செப்புத் தகட்டில் செதுக்கும் கலையைக் கற்றான். 1577-இல் ஹார்லெம் நகரிற் குடியேறி, 1582-இல் தாமே படம் அச்சிட்டு வெளியிடும் தொழிலகத்தை நிறுவும் அளவிற்கு உயர்ந்தார் கோல்ட்சியஸ். முப்பது ஆண்டு நிரம்புமுன்னே ஐரோப்பா எங்கும் அவர் பெயர் பரவியது.

அவருடைய முடங்கிய கை உளியைப் பற்றுவதற்கு ஏற்றதாய் அமைந்தது என்று கலை ஆய்வாளர் கூறுவர். விரல்களை மட்டும் அசைத்துச் செதுக்குவோர் சிறு கோடுகளையே இழுக்க முடியும். விரல்கள் அசையாமையால் கோல்ட்சியஸ் முழங்கையும் தோளும் கொண்டே உளியைச் செலுத்தினார். ஆதலால் அவர் கோடுகள் நீண்டு, வளைந்து, தடித்து, மெலிந்து, அலைபோல் ஓடின என்பர். குறை ஒன்று, இடைவிடாப் பயிற்சியால் தனிச்சிறப்பாக மாறிற்று.

1588-இல் அவர் ஒரு கையைப் பேனாவால் வரைந்தார். விரல்கள் மடங்கி, நரம்புகள் புடைத்து நிற்கும் அந்தக் கை அவருடைய வலக்கையே என்று கருதப்படுகிறது. அப்படம் இன்றும் ஹார்லெமிலுள்ள டைலர் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. தம் குறையை அவர் மறைக்கவில்லை. அதையே தம் திறமைக்குச் சான்றாக உலகின்முன் வைத்தார்.

தகடு படமாகும் முறை

செப்புத் தகட்டில் செதுக்குவது பொறுமையை வேண்டும் தொழில். முதலில் செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகிடுவர். மணல் நிரப்பிய தோல் திண்டின்மேல் அதை வைப்பர். செதுக்குளியின் பிடி உள்ளங்கையில் பதிந்திருக்கும். எஃகு முனை தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளைந்த கோடு வேண்டுமாயின் உளியை வளைப்பதைவிடத் தகட்டையே திண்டின்மேல் சுழற்றுவர். உளி ஆழப் பாய்ந்தால் கோடு தடிக்கும்; மேலோடு சென்றால் மெலியும். கோடுகள் நெருங்கினால் நிழலாகும், விலகினால் ஒளியாகும். வண்ணம் ஒன்றுமின்றி, கோடுகளைக்கொண்டே இரும்புக் கவசத்தின் பளபளப்பையும், தோலின் மென்மையையும், மேகத்தின் இருளையும் காட்டல் வேண்டும்.

செதுக்கி முடிந்த தகட்டில் கெட்டியான மையைத் தேய்த்துப் பின் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து எடுப்பர். பள்ளமான கோடுகளில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்துக் கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுப்பர். தாள் கோடுகளுக்குள் புகுந்து மையை ஏந்திக்கொள்ளும். தகட்டின் விளிம்பும் தாளில் அழுந்தி, படத்தைச் சுற்றி ஒரு தடத்தை உண்டாக்கும். உண்மையான தகட்டு அச்சுப்படத்தை அறிவதற்கு அத்தடம் ஓர் அடையாளம்.

இத்தொழிலில் மற்றோர் அருமையும் உண்டு. தகட்டிலுள்ள உருவம் தாளில் இடம் வலமாக மாறிப் பதியும். எனவே படத்தில் வீரன் வலக்கையில் வாளேந்த வேண்டுமாயின், தகட்டில் அவன் இடக்கையில் ஏந்தியவனாகச் செதுக்கல் வேண்டும். படத்தின்கீழ் வரும் எழுத்துக்களையும் தலைமாற்றியே செதுக்கல் வேண்டும். வலக்கையால் புகழ்பெற்ற மியூஷியஸைச் செதுக்கும்போது, வலம் இடமாய் மாறுவதைக் கலைஞர் ஒவ்வொரு கோட்டிலும் நினைவில் இருத்த வேண்டியிருந்தது.

உளி தவறினால் கோட்டை அழிப்பது எளிதன்று. அவ்விடத்தைச் சுரண்டி, பின்புறமிருந்து தட்டி உயர்த்தி, மீண்டும் மெருகிட்டே திருத்த முடியும். பல வாரங்கள் உழைத்த உழைப்பு ஒரு நொடிச் சோர்வால் பழுதுபடக்கூடும். படங்களை எடுக்க எடுக்கத் தகட்டின் கோடுகளும் தேயும். ஆகவே முதலில் எடுத்த படிகளே தெளிவாக இருக்கும், பிற்படிகள் மங்கும்.

பத்துப் படங்கள்

கோல்ட்சியஸ் 1586-இல் உரோம வீரர் வரிசையைப் பத்துத் தகடுகளில் செதுக்கி வெளியிட்டார். முதல் தகடு, பிராகு நகரில் அரசு வீற்றிருந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்குப் படையல் கூறுவது. இறுதித் தகடு புகழையும் வரலாற்றையும் உருவகப்படுத்திக் காட்டுவது. இடைப்பட்ட எட்டிலும் எட்டு வீரர் நிற்கின்றனர். ஹொரேஷியஸ் கோக்ளிஸும், மியூஷியஸ் ஸ்கீவோலாவும் அவ்வெண்மருள் இருவர்.

இப்படங்களின் அமைப்பு புதுமையானது. போர்க்களம் முழுவதையும் பரப்பிக் காட்டி, அதற்குள் வீரனைச் சிற்றுருவாக வைப்பது பலர் வழக்கம். கோல்ட்சியஸோ வீரனை முன்னிறுத்தினார். தாழ்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து நோக்குவார்க்குத் தோன்றுவதுபோல் அவன் வானளாவ நிற்கிறான். கவசமும், திரண்ட தோளும், முறுக்கேறிய காலும் கண்ணை நிறைக்கின்றன. அவன் புகழ்பெற்ற செயலோ நெடுந்தொலைவில், பின்புறத்தில், சிறிய உருவங்களால் காட்டப்படுகிறது. கீழே இலத்தீன் மொழியில் சிறு செய்யுள் ஒன்று உள்ளது. காண்பவர் முதலில் மனிதனைக் காண்கிறார்; பிறகே அவன் செய்ததைத் தேடிக் காண்கிறார்.

அப்படங்கள் வெளிவந்த காலம் அமைதிக் காலம் அன்று. நெதர்லாந்து மக்கள் ஸ்பெயின் மன்னனை எதிர்த்து நெடிய விடுதலைப் போர் நடத்திவந்தனர். கோல்ட்சியஸ் குடியேறிய ஹார்லெம் நகரம் 1572 டிசம்பர் முதல் 1573 ஜூலை வரை முற்றுகைக்கு ஆளாகி, பசியால் வாடிப் பணிந்த நகரம். காவற்படையினர் பலர் கொல்லப்பட்டனர். 1576-இல் பெருந்தீயும் அந்நகரை அழித்தது. விடுதலைப் போரின் தலைவரான ஆரஞ்சு வில்லியம் 1584-இல் கொலையுண்டபோது, அவர் இறுதி ஊர்வலத்தைப் பன்னிரண்டு தகடுகளில் செதுக்கியவர் கோல்ட்சியஸே. 1585-இல் ஆண்ட்வெர்ப்பு நகரமும் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது. மறு ஆண்டு இவ்வீரர் வரிசை வெளிவந்தது. முற்றுகையின் கொடுமையைக் கண்ணாற் கண்ட மக்கள், பாலத்தைக் காத்த ஹொரேஷியஸையும், முற்றுகையிட்ட அரசனை அஞ்சச் செய்த மியூஷியஸையும் பழங்கதையாக மட்டும் கண்டிரார்.

மியூஷியஸ் கையைத் தானே தீயில் நீட்டினான். கோல்ட்சியஸ் அறியாப் பருவத்தில் தீயில் விழுந்தார். ஒருவனுடைய துன்பம் அவனே தேர்ந்தது. மற்றவருடையது தானே வந்தது. ஆயினும் தீயால் வெந்த கையே தீயில் நீட்டிய கையைச் செதுக்கியது. அப்படத்தைக் காண்போர் இதனை மறத்தலாகாது.

கதையும் வரலாறும்

இவ்வீரக் கதைகள் உண்மையில் நிகழ்ந்தனவா? இவ்வினாவை முதலில் எழுப்பியவர் உரோமரே. இக்கதைகளை விரித்துரைத்த லிவி என்னும் வரலாற்றாசிரியர் கி. மு. முதல் நூற்றாண்டில் பிறந்தவர். அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிற்பட்டவர். ஹொரேஷியஸின் செயல் பின்னோரிடம் பெற்ற புகழ் பெரிது, பெற்ற நம்பிக்கை சிறிது என்னும் கருத்தை அவரே குறிப்பிடுகிறார். அவருக்கு முற்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியரான பொலிபியஸ், ஹொரேஷியஸ் கரை சேரவில்லை என்றும், ஆற்றிலேயே உயிர் துறந்தான் என்றும் எழுதியுள்ளார். ஒரே வீரன் ஒரு நூலில் பரிசு பெறுகிறான். மற்றொரு நூலில் மாண்டுபோகிறான்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. உரோமாபுரி போர்சேனாவிடம் சரணடைந்தது என்று டாசிட்டஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். உழவுத் தொழிலுக்கன்றி வேறெதற்கும் உரோமர் இரும்பைப் பயன்படுத்தலாகாது என்று போர்சேனா உடன்படிக்கையில் விதித்தான் எனப் பிளினி என்னும் அறிஞர் கூறுகிறார். இக்கூற்றுகள் உண்மையாயின், உரோமர் அப்போரில் வென்றவர் அல்லர், தோற்றவர். படைக்கலம் வைத்துக்கொள்ளவும் உரிமை இழந்தவர். தோல்வியின் நினைவை ஆற்றிக்கொள்ளவே அவர்தம் வழித்தோன்றல்கள் பாலத்து வீரனையும் தீக்கை வீரனையும் போற்றி வளர்த்தனர் என்று கருத இடமுண்டு.

இவ்வாறு ஆராய்வதால் அக்கதைகளின் சுவை குன்றிவிடாது. ஒரு மக்கள் கூட்டம் தான் எவ்வாறு இருந்தது என்பதை வரலாறு காட்டும். தான் எவ்வாறு இருக்க விரும்பியது என்பதைப் பழங்கதை காட்டும். இரண்டும் அறியத்தக்கவையே. ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

பழங்கதைகள் எல்லாம் எக்காலத்தும் பின்பற்றத் தக்கவை என்று கொள்ளுதலும் பொருந்தாது. கோல்ட்சியஸ் செதுக்கிய பப்ளியஸ் ஹொரேஷியஸ் என்பவன், ஆல்பா நகரின் மூன்று உடன்பிறந்தாரைத் தனியனாய் வென்றவன். வெற்றியோடு திரும்பியபோது, அம்மூவருள் ஒருவனுக்கு மணம் பேசப்பட்டிருந்த தன் தங்கை அழுவதைக் கண்டு, சினந்து அவளை வெட்டிக் கொன்றான். மற்றொரு வீரனான மான்லியஸ் டொர்குவாட்டஸ், கட்டளையை மீறித் தனிப்போர் புரிந்தான் என்பதற்காக, வெற்றியோடு வந்த தன் மகனுக்கே மரணதண்டனை விதித்தவன். இவர்களின் வீரத்தைக் காணும் கண், அவ்வீரத்தின் அடியில் வீழ்ந்த தங்கையையும் மகனையும் காணாதிருத்தல் ஆகாது.

நீலகிரியில் தோன்றிய நூல்

அச்சுப்படங்களைப் போலவே பாடல்களும் இக்கதைகளைப் பரப்பின. மெக்காலே என்னும் ஆங்கில அறிஞர் எழுதிய ‘பண்டை உரோமப் பாடல்கள்’ என்னும் நூல் 1842-இல் இலண்டனில் வெளிவந்தது. ஹொரேஷியஸ் பாலம் காத்த கதையே அதன் முதற்பாடல். உரோமரின் பழைய நாட்டுப்பாடல்கள் அழிந்துபோயின. லிவியின் வரலாற்றில் அவற்றின் சாயலே எஞ்சியுள்ளது என்பது அவர் கொள்கை. இழந்த அப்பாடல்களைத் தாம் ஆங்கிலத்தில் மீண்டும் உருவாக்க முயன்றார்.

இந்நூலுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மெக்காலே 1834-இல் சென்னையில் வந்து இறங்கி, அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்த தலைமை ஆளுநரைக் காணச் சென்றார். நீலகிரி மலையடிக் காட்டில் இந்நூலின் திட்டம் தமக்குத் தோன்றியது என்றும், உதகமண்டலத்தில் தங்கிய நாட்களிலும் வங்கக் கடற்பயணத்திலும் பாடல்களின் பெரும்பகுதி உருவாயிற்று என்றும் அவரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். டைபர் ஆற்றுப் பாலம் நீலகிரிச் சோலைகளின் நடுவே ஒருவர் கருத்தில் மீண்டும் எழுந்தது. 1847-இல் அந்நூல் ஜார்ஜ் ஷார்ஃப் வரைந்த படங்களோடு வெளிவந்தது.

சட்டத்துக்குள் வாழும் படம்

தொடக்கத்தில் அச்சுப்படங்களைத் தொகுத்து ஏடுகளாகக் கட்டிவைப்பதே செல்வர் வழக்கமாய் இருந்தது. பெரிய கண்ணாடிப் பலகை அருமையாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்தமையே அதற்கு ஒரு காரணம். கண்ணாடி எளிதில் கிடைத்தபின் படங்கள் சட்டமேறிச் சுவரில் இடம்பெற்றன. ஒரே தகட்டினின்றும் பல படிகள் எடுக்கப்பட்டமையால், ஒரே வீரன் பல நாடுகளில், பல வீடுகளில் ஒரே காலத்தில் நின்றான்.

தாள் விரைவில் கெடும் பொருள். ஞாயிற்றின் ஒளி நேரே பட்டால் பழுப்பேறும், ஈரம் தாக்கினால் புள்ளிகள் தோன்றும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். தாள் கண்ணாடியில் ஒட்டாதிருக்க இடையில் அட்டையால் ஒரு விளிம்பு வைப்பர். அவ்வட்டையும் அமிலம் கலவாததாய் இருத்தல் வேண்டும்; இன்றேல் அதுவே நாளடைவில் படத்தைக் கெடுத்துவிடும். இவற்றையெல்லாம் அறிந்து காத்தமையால், நானூறு ஆண்டுகட்கு மேற்பட்ட கோல்ட்சியஸின் படங்கள் ஆம்ஸ்டர்டாம், இலண்டன், நியூயார்க்கு முதலிய நகரங்களின் பொருட்காட்சிச்சாலைகளில் இன்றும் புதுமை குன்றாமல் விளங்குகின்றன.

இக்காலத்தில் இத்தகைய படங்களின் மறுபதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் மறுபதிப்பில் பெரும்பாலும் சிறு சிறு புள்ளிகள் தோன்றும். தகட்டினின்றும் எடுத்த படியில் உளி ஓடிய கோடுகளே தோன்றும். மறுபதிப்பை இகழ வேண்டுவதில்லை. மூலத்தைக் காண வாய்ப்பில்லாதார்க்கு அதுவே ஆசிரியன்.

போர் நின்ற படம்

உரோமப் பழங்கதைப் போர்ப் படங்களுள் மற்றொன்றையும் இங்குக் கூறுதல் தகும். பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி டாவிட், 1784-இல் மூன்று ஹொரேஷியர் வாளின்மேல் சூளுரைப்பதை வண்ண ஓவியமாகத் தீட்டிப் பெரும்புகழ் பெற்றார். அதன்பின் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. நாட்டாரே நாட்டாரைக் கொன்றனர். அப்புரட்சியில் தீவிரப் பங்கு கொண்ட டாவிட்டும் 1794-இல் சிறைப்பட்டார். சிறையில் அவர் உள்ளத்தில் தோன்றியது வேறொரு கதை.

உரோமர் தம் அயலாரான சபைனியரின் மகளிரைக் கவர்ந்து சென்று மணந்தனர். பின்பு சபைனியர் படையெடுத்து வந்தனர். தந்தையர் ஒருபுறம், கணவர் மறுபுறம் நின்று பொருதபோது, அம்மகளிர் குழந்தைகளை ஏந்தி இரு படைகளுக்கும் இடையே பாய்ந்து போரை நிறுத்தினர். 1799-இல் டாவிட் முடித்த இவ்வோவியம் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையது. இன்று பாரிசிலுள்ள லூவர் அரங்கில் உள்ளது. நடுவில் ஹெர்சீலியா என்பவள் இருபுறமும் கைகளை விரித்து நிற்கிறாள். ஒருபுறம் அவள் கணவன் ரோமுலஸ் வேலை ஓங்கியபடி நிற்கிறான், மறுபுறம் அவள் தந்தை டேஷியஸ் நிற்கிறான், தரையில் குழந்தைகள். ஓங்கிய வேல் பாயவில்லை. இவ்வோவியமும் பின்னர் தகட்டில் செதுக்கப்பட்டு, அச்சுப்படமாய்ப் பல இல்லங்களுக்குச் சென்றது.

சூளுரைத்தவரைத் தீட்டிய அதே கை, பதினைந்து ஆண்டு கழித்துப் போரைத் தடுத்தவளைத் தீட்டியது. ஹொரேஷியஸ் பாலத்தில் நின்றது வீரமாயின், ஹெர்சீலியா இரு படைகளின் நடுவே வெறுங்கையோடு நின்றதும் வீரமே.

காணும் முறை

சுவரில் மாட்டிய பழம் படத்தைப் பலர் ஒரு பார்வையில் கடந்து செல்வர். நின்று காண்போர்க்கு அப்படம் மூன்று கதைகளைக் கூறும். முதலாவது, வீரன் செய்ததாகக் கூறப்படும் செயல். இரண்டாவது, அச்செயலைப் போற்றி வளர்த்த மக்களின் உள்ளம். மூன்றாவது, அதனைக் கோடு கோடாகச் செதுக்கிய கலைஞரின் உழைப்பு. முதற்கதை மெய்யோ பொய்யோ என ஆராயலாம். இரண்டாவதை நூல்களால் உணரலாம். மூன்றாவதற்கு ஐயமே இல்லை. ஒவ்வொரு கோடும் அதற்குச் சான்று.

பாலம் காத்த ஹொரேஷியஸ் என்றொருவன் வாழ்ந்தானோ, இல்லையோ! விரிக்க முடியாத கையால் உளியைப் பற்றி, தகட்டைச் சுழற்றிச் சுழற்றி, பிழையின்றி ஆயிரக்கணக்கான கோடுகளை இழுத்த ஒருவர் ஹார்லெமில் வாழ்ந்தார். 1617-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார். அவர் செதுக்கிய வீரர் இன்றும் சட்டங்களுக்குள் நிற்கின்றனர். அவரோ அவர்கள் உருவின் ஒவ்வொரு கோட்டிலும் நிற்கிறார்.

பயிற்சி வினாக்கள்

1. ஹொரேஷியஸ் பாலத்தின் முனையில் நின்றதன் நோக்கம் யாது? மூவர் மட்டும் பெரும்படையைத் தடுக்க முடிந்தது எவ்வாறு?
2. கோல்ட்சியஸின் வலக்கைக்கு நேர்ந்தது யாது? அக்குறை அவர் கலைக்கு எவ்வாறு உதவியது?
3. செப்புத் தகட்டிலிருந்து படம் எடுக்கும் முறையை விளக்குக.
4. லிவி, பொலிபியஸ், டாசிட்டஸ், பிளினி ஆகியோர் கூற்றுக்களை ஒப்பிட்டு, போர்சேனாவின் போர் குறித்து நீ அறிந்தவற்றை எழுதுக.
5. “ஹெர்சீலியா நின்றதும் வீரமே” — இக்கருத்தை ஏற்கிறாயா? காரணம் தந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.